ஹெலிகொப்டருக்கு வழி சொல்வது யார்?

சூறாவளி நாட்டைக் கடந்து சென்றுவிட்டது என்று வானொலி சொல்லும் வேளையில்தான் மலைத் தோட்டங்களில் பல சமயம் அனர்த்தமே ஆரம்பமாகிறது. கரையோரத்தில் காற்று அடிக்கும், மரம் சாயும், கூரை பறக்கும். இரண்டொரு நாளில் வெயில் வந்துவிடும். சப்ரகமுவ மாகாணத்தில் நிலைமை வேறு. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் மலைகள் மழையைக் குடித்துக் குடித்து வயிறு நிறைந்த பிறகுதான் சரியத் தொடங்குகின்றன. ரோட்டு அறுந்து போகிறது. பாலத்தை ஆறு கொண்டு போகிறது. மின்சாரம் போய், தொலைபேசிக் கோபுரமும் உயிரிழந்துவிட்டால், ஒரு தோட்டம் நாட்டின் நடுவிலேயே தனித் தீவாகிவிடுகிறது. அந்தத் தீவுக்குச் செல்ல அப்போது எஞ்சியிருக்கும் ஒரே வழி ஆகாயம்.

2025 நவம்பர் மாத இறுதியில் நாம் அனைவரும் இதைக் கண்ணால் கண்டோம். நவம்பர் 28ஆம் திகதி கிழக்குக் கரையூடாக உள்ளே வந்த தித்வா சூறாவளி 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு போனது. தித்வா என்பது யெமன் நாடு கொடுத்த பெயர். அந்நாட்டின் ஸுகுத்ரா தீவிலுள்ள அழகான ஒரு கடலேரியின் பெயர் அது. அழகிய பெயரோடு வந்த அந்தச் சூறாவளி கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களோடு எமது கேகாலை மாவட்டத்தையும் கலங்கடித்துவிட்டுப் போனது. அந்த நாட்களில் காலையிலிருந்து மாலை வரை எமது தலைக்கு மேல் ஹெலிகொப்டர்களின் சத்தம் ஓயவில்லை. அந்தச் சத்தத்தைப் பற்றியும், அதற்குள் இருந்தவர்களைப் பற்றியும், கீழே இருந்த நாம் செய்ய வேண்டியதைப் பற்றியுமே இந்தக் கட்டுரையில் வாசகர்களோடு பேச விரும்புகிறேன்.

எமது நாட்டில் இது புதிய காட்சியல்ல. 1951இல் ஆரம்பிக்கப்பட்ட எமது விமானப்படைக்கு 1950களின் நடுப்பகுதியிலேயே முதல் ஹெலிகொப்டர்கள் வந்துவிட்டன. 1957 டிசம்பர் மாதப் பெருவெள்ளத்தின் போது குளங்கள் உடைத்துக் கிராமங்கள் மூழ்கிய வேளையில், அமெரிக்கக் கடற்படையின் பிரின்ஸ்டன் என்ற கப்பலும் ஹெலிகொப்டர்களோடு வந்து உணவும் மருந்தும் சுமந்தது. எங்கள் வாப்பா காலத்துப் பெரியவர்கள் அந்த வெள்ளத்தைப் பற்றி நீண்ட நாட்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

என் கண் முன்னே நடந்தது 2003ஆம் ஆண்டு. அரபுக் கல்லூரிப் படிப்பை முடித்து நான் வெளியே வந்த புதிது. அவ்வாண்டு மே 17ஆம் திகதி களு கங்கை கரை மீறி இரத்தினபுரி நகரை மூழ்கடித்தது. 1947க்குப் பின்னர் இப்படியொரு வெள்ளம் வரவில்லை என்றார்கள். தென்மேற்கு மாவட்டங்களில் வெள்ளத்தாலும் மண்சரிவாலும் இருநூறுக்கும் அதிகமானோர் மரணித்தார்கள். பள்ளிவாசலில் பொதி செய்த சோற்றுப் பார்சல்களை நாங்கள் படகில் கொண்டு சென்றோம். படகு போக முடிந்த இடம் வரையில்தான் எங்கள் உதவி போனது. அதற்கு அப்பால் மலையடிவாரத்து மக்களுக்கு, மேலே வட்டமிட்ட ஹெலிகொப்டரே கதியாக இருந்தது.

ஆனால் வாசக சகோதர சகோதரிகளே, அந்தச் சத்தம் எல்லோர் காதிலும் ஒரே பொருளில் விழுவதில்லை.

நான் கற்பிக்கும் தமிழ்மொழிப் பாடசாலையில் கடைத்தெரு முஸ்லிம் பிள்ளைகளும் தோட்டத்துப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் அமர்ந்து படிக்கிறார்கள். அந்தத் தோட்டத்துப் பிள்ளைகளில் ஒருவனுடைய பாட்டி, 1981இல் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் இனக்கலவரம் மூண்டு லயன்கள் எரிக்கப்பட்ட போது, கட்டிய சேலையோடு வவுனியாவுக்குப் போனவர். அங்கே காடு வெட்டிக் குடியேறி, பின்னர் யுத்தம் வந்து, மீண்டும் இந்த மலைக்கே திரும்பி வந்தவர். அவருடைய காதில் ஹெலிகொப்டர் சத்தம் என்றால் அது மரணத்தின் சத்தம். தித்வா நாட்களில் பேரன் வெளியே ஓடிக் கைகாட்ட, பாட்டி உள்ளே ஓடிக் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டாராம். யுத்தம் முடிந்து பதினாறு வருடங்கள் கடந்துவிட்டன என்று அவரிடம் சொல்லிப் பயன் என்ன?

அவருடைய அச்சம் வெறும் கற்பனையல்ல. 1980களில் எமது விமானப்படைக்கு வந்த பெல் 212 ரக ஹெலிகொப்டர்களின் பக்கக் கதவில் யுத்த காலத்தில் இயந்திரத் துப்பாக்கி பொருத்தப்பட்டிருந்தது. 1993இல் சேவைக்கு வந்த எம்.ஐ.-17 ரக ஹெலிகொப்டர்கள் படையினரை முன்னரங்குக்கு ஏற்றிச் சென்றன. இன்று அதே ரக ஹெலிகொப்டரின் அதே கதவில் ஒரு வாலிபர் உட்கார்ந்து, இடுப்பில் கட்டிய பட்டியோடு கீழே சாய்ந்து, இரும்பு வடத்தை இறக்கிக் கூரை மேல் நிற்கும் குழந்தையைத் தூக்குகிறார். இயந்திரத்துக்கு மார்க்கமும் இல்லை, மொழியும் இல்லை. அதை எதற்காக அனுப்புகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இதற்கு இன்னொரு சாட்சியும் அந்த நாட்களிலேயே கிடைத்தது. இலங்கைக் கடற்படையின் 75ஆவது ஆண்டு நிறைவையொட்டி நடந்த சர்வதேசக் கப்பல் அணிவகுப்புக்காக இந்தியாவின் விக்ராந்த் கப்பலும் பாகிஸ்தானின் சைஃப் கப்பலும் கொழும்புக்கு வந்திருந்தன. 2025 மே மாதத்தில்தான் இவ்விரு நாடுகளும் ஒன்றையொன்று தாக்கிக்கொண்டன. ஆனால் நவம்பரில் அந்த இரண்டு கப்பல்களின் ஹெலிகொப்டர்களும் எமது நாட்டு வெள்ளத்துக்கு மேல் பறந்தன. இந்திய விமானப்படையின் எம்.ஐ.-17 ஹெலிகொப்டர்கள் கொத்மலைப் பகுதியில் சிக்குண்டவர்களைத் தூக்கி வந்தன. அரசுகளுக்குத் தத்தமது கணக்குகள் இருக்கலாம். ஆயினும் தண்ணீரின் நடுவே நின்றவனுக்கு எந்தக் கொடி வந்தது என்பது பொருட்டல்லவே!

இப்படியான உதவி எமக்கு மட்டும் கிடைத்ததல்ல. 1991 ஏப்ரலில் பங்களாதேஷ் கரையைத் தாக்கிய சூறாவளியில் ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோர் மாண்டார்கள். வளைகுடா யுத்தம் முடிந்து தாய்நாடு திரும்பிக்கொண்டிருந்த அமெரிக்கப் படையணி ஒன்றே வழியில் திருப்பிவிடப்பட்டு, தன் ஹெலிகொப்டர்களால் அங்கே அரிசியும் குடிநீரும் சுமந்தது. 2000ஆம் ஆண்டு மொசாம்பிக் வெள்ளத்தில் தென்னாபிரிக்க விமானப்படையின் சில ஹெலிகொப்டர்கள் மரக்கிளைகளிலும் கூரைகளிலும் இருந்து ஆயிரக்கணக்கானோரை மீட்டன. மரத்தின் மேலேயே பிள்ளை பெற்ற ஒரு தாயும் அவர்களில் இருந்தார்.

மேலே இருப்பவர்கள் எந்நேரமும் பத்திரமாக இருப்பவர்கள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அது தவறு. மழை முகில் மலையின் இடுப்பு வரை இறங்கியிருக்கும் வேளையில் விமானிக்கு முன்னால் இருப்பது வெள்ளைத் திரைதான். திரைக்குப் பின்னால் மலையா, மின்கம்பியா என்று தெரியாது. நின்ற இடத்திலேயே மிதந்தபடி ஆளைத் தூக்குவது ஹெலிகொப்டரின் வேலைகளிலேயே கடினமானது. அதற்கு எஞ்சினின் பலம் அத்தனையும் வேண்டும். எரிபொருள் வேகமாகக் கரையும். உயரம் கூடக் கூடக் காற்று மெல்லிதாகித் தூக்கும் சக்தி குறையும். ஆகவேதான் இடம் இருந்தாலும் சில வேளை இரண்டு மூன்று பேரை மட்டும் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். ‘எங்களை விட்டுவிட்டுப் போகிறார்களே’ என்று கீழே நிற்பவர் மனம் கொதிக்கும். ஆனால் நான்காவது ஆளையும் ஏற்றினால் அத்தனை பேரும் போக வேண்டிவரும் என்பது விமானிக்குத் தெரியும்.

2013 ஜூனில் இந்தியாவின் உத்தராகண்ட் மலைகளில் வெள்ள மீட்புப் பணியில் இருந்த எம்.ஐ.-17 ஹெலிகொப்டர் ஒன்று கேதார்நாத்துக்கு அருகில் மலையில் மோதி, அதிலிருந்த 20 பேரும் மாண்டார்கள். 2017 மே மாத வெள்ளத்தின் போது காலி மாவட்டத்தில் எமது விமானப்படை வீரர் ஒருவர் மீட்புப் பணியின் நடுவே ஹெலிகொப்டரிலிருந்து விழுந்து உயிரிழந்தார். அடுத்த சில நாட்களில், நிவாரணம் ஏற்றிச் சென்ற எம்.ஐ.-17 ஒன்று பத்தேகமவில் விழுந்து சேதமடைந்தது. அதிலிருந்தவர்கள் உயிர் தப்பினார்கள். கடைசியாக 2025 நவம்பர் 30ஆம் திகதி, வென்னப்புவைக்கு அருகே லுணுவிலையில், நிவாரணப் பணியில் இருந்த பெல் 212 ஒன்று ஜின் ஓயாவுக்குள் வீழ்ந்தது. ஐவரில் நால்வர் பிழைத்தார்கள். விமானி விங் கொமாண்டர் நிர்மால் சியம்பலாபிட்டிய பிழைக்கவில்லை.

அந்தச் செய்தி வந்த போது எமது பாடசாலை மண்டபம் இடம்பெயர்ந்தோரால் நிறைந்திருந்தது. தோட்டத்துப் பெண்கள் சிலர் அழுதார்கள். பார்த்திராத ஒரு சிங்கள அதிகாரிக்காக அழுதார்கள். ஓர் உயிரைக் காப்பதன் சிறப்பைப் பற்றி நாம் மிம்பர் மேடைகளில் எவ்வளவோ பேசியிருக்கிறோம். அதைச் செய்யப் போய்த் தன் உயிரைக் கொடுத்தவர்களை எத்தனை தடவை பெயர் சொல்லி நினைத்திருக்கிறோம்?

ஆயினும் நன்றி சொல்வதோடு எமது கடமை முடிந்துவிடாது. அதற்கு மேல் ஒரு விடயம் இருக்கிறது. அதைச் சொல்லவே இந்தப் பேனாவை எடுத்தேன்.

அந்த மண்டபத்தில் நாங்கள் இருந்த நாட்களில் ஒரு காலை, சரிந்த மண்ணையும் மரங்களையும் கடந்து ஒருவர் நடந்தே இறங்கி வந்தார். இடுப்பு வரை சேறு.

“எங்கேருந்து வாறீங்க அண்ணே?” என்று கேட்டேன்.

“மேக்கணக்குல இருந்து வாறேன் மௌலவி ஐயா. ரெண்டு லயம், பதினெட்டுக் குடும்பம் மேல கெடக்கு. ஒருத்தருக்குக் கால் முறிஞ்சு போச்சு. தூக்கிக்கிட்டு எறங்க வழியில்ல. நேத்து ஹெலி மேல போச்சு. புள்ளைங்க துணிய வீசினாங்க. நிக்கல.”

அங்கிருந்த அலுவலர் உடனே தகவல் அனுப்ப முனைந்தார். இடத்தின் பெயர் என்ன? மேல்கணக்கு. வரைபடத்தில் அப்படியொரு பெயர் இல்லை. தோட்டங்களை அறிந்தவர்களுக்கு இது விளங்கும். தோட்டத்தின் ஒவ்வொரு பிரிவையும் மக்கள் கணக்கு என்பார்கள். மேல்கணக்கு, கீழ்க்கணக்கு என்று வழங்குவார்கள். கம்பனியின் பதிவேட்டில் அதற்கு வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போன பெயர் இருக்கும். கிராம உத்தியோகத்தரின் பட்டியலில் சிங்களப் பெயர் இருக்கும். ஒரே இடத்துக்கு மூன்று பெயர். ஆனால் ஆபத்து வேளையில் அழைத்துச் சொல்ல ஒரு பெயரும் இல்லை! லயன் வீட்டுக்கு இலக்கமுள்ள முகவரி இல்லாததால் கடிதம் தாமதமாகிறது என்று இத்தனை காலம் பேசிக்கொண்டிருந்தோம். உதவியும் அதே காரணத்தால் தாமதமாகும் என்பதை அன்று கண்டேன்.

கடைசியில், ஓய்வு பெற்ற கணக்கப்பிள்ளை ஒருவர் மண்டபத்தின் மூலையில் படுத்திருந்தவர் எழுந்து வந்து, பதிவேட்டுப் பெயரைச் சொன்னார். பக்கத்தில் எந்த ஓடை, எந்த மலை முகடு, கோயில் திருவிழா நடக்கும் திடல் எந்தப் பக்கம் என்பதையும் சொன்னார். தகவல் போனது. முகில் விலகவில்லை, அன்று யாரும் வரவில்லை. மறுநாள் பிற்பகல் ஹெலிகொப்டர் வந்து அந்தத் திடலில் இறங்கியது. முதல் நாளே நடந்து மேலே திரும்பியிருந்த எங்கள் வாலிபர்கள், கழன்று கிடந்த தகரங்களை அகற்றி, கொடிக்கயிறுகளை அறுத்து இடத்தைச் சுத்தம் செய்து வைத்திருந்தார்கள். ஹெலிகொப்டரின் விசிறிக் காற்றுக்கு ஒரு தகரம் பறந்தால் அது கத்திதான்.

கால் முறிந்தவரை ஏற்றும் போது அவர் பயத்தில் நடுங்கினாராம். இறங்கி வந்த விமானப்படை வீரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு “பய வென்ட எபா” என்று சிங்களத்தில் சொல்ல, பின்னால் நின்ற மனைவி அதே சிங்களத்தில் அந்த வீரருக்கு நன்றி சொன்னாராம். கேகாலைத் தோட்டத்து மக்களுக்குச் சிங்களம் தெரியும். மேலே பறப்பவர்களுக்குத் தமிழ் தெரிந்திருந்தால் இன்னும் எத்தனை செய்திகள் சரியாகப் போய்ச் சேரும் என்று நான் எண்ணிக்கொண்டேன். எச்சரிக்கைகள் தமிழில் பிந்தி வருவதும் வராமலே போவதும் தித்வா நாட்களில் நாடெங்கும் பேசப்பட்ட குறை. அதை உரியவர்களிடம் கேட்கும் உரிமை எமக்கு இருக்கிறது. கேட்கத்தான் வேண்டும். கேட்டுக்கொண்டே, எமது கையில் உள்ளதையும் செய்ய வேண்டும். தவக்குல் என்பது கையைக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்ப்பதல்ல என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம் அல்லவா?

ஆகாய உதவிக்கு ஒரு எல்லையும் உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடிய அதே நாளில், புளத்கொஹுபிட்டியவில் களுப்பஹன தோட்டத்து லயன்களும் மண்ணுக்குள் போயின. அங்கே எந்த ஹெலிகொப்டராலும் என்ன செய்ய முடியும்? இராணுவத்தினர் மண்வெட்டியாலும் கையாலும் நாட்கணக்கில் தோண்டினார்கள். அரநாயக்கவில் புதைந்த பலரின் ஜனாஸாக்களோ சடலங்களோ கடைசி வரை கிடைக்கவில்லை. மலை சரிந்த பிறகு வருபவர் எவ்வளவு வீரராக இருந்தாலும் பிந்தி வந்தவர்தான். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சிவப்பு எச்சரிக்கை விடுத்தால் அந்த இரவே லயனை விட்டு இறங்க வேண்டும். இறங்கினால் போவதற்கு ஓர் இடம் இருக்க வேண்டும். சரிவில் கட்டிய நூறு வருட லயனுக்குப் பதிலாகப் பாதுகாப்பான நிலத்தில் வீடு வேண்டும். அந்த வீடு கிடைத்த நாளில்தான் ஹெலிகொப்டருக்கு வேலை குறையும்.

அதுவரை நாம் என்ன செய்யலாம்? எமது பாடசாலையில் பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுத்திருக்கிறோம். ஒவ்வொரு பிள்ளையும் தன் கணக்கின் மூன்று பெயர்களையும் கேட்டு எழுதி வரும். எத்தனை லயன், எத்தனை குடும்பம், நடக்க முடியாதவர் எத்தனை பேர், இன்சுலின் போடுபவர் யார், சமதரையான திடல் எங்கே, அதைச் சுற்றி மின்கம்பி உண்டா என்பதெல்லாம் அதில் வரும். கைத்தொலைபேசி உள்ள வாலிபர்கள் அந்தத் திடலில் நின்று, வரைபடத்தில் அந்த இடத்துக்குரிய இலக்கங்களைக் குறித்துத் தருகிறார்கள். கொப்பியில் ஒரு பிரதி பாடசாலையில், ஒரு பிரதி பள்ளிவாசலில், ஒரு பிரதி கோயிலில், ஒரு பிரதி கிராம உத்தியோகத்தரிடம் இருக்கும். இதற்குப் பெரிய செலவு இல்லை. எண்பது பக்கக் கொப்பிகள் நான்கு போதும்.

கூடவே சில பழக்கங்களையும் சொல்லிக்கொடுக்கிறோம். ஹெலிகொப்டர் வந்தால் திடலுக்குள் ஓடாதே. விசிறி சுற்றும் போது வீரர் கைகாட்டும் வரை நில். வால் பக்கம் ஒருபோதும் போகாதே. அங்கே சுழலும் சிறிய விசிறி கண்ணுக்குத் தெரியாது. சரிவான இடத்தில் மேட்டுப் பக்கமிருந்து இறங்கிப் போகாதே. பெரிய விசிறி அந்தப் பக்கம் தலைக்குக் கிட்டவே சுற்றும். கூட்டத்தில் ஒருவர் மட்டும் இரண்டு கைகளையும் மேலே தூக்கி நிற்க வேண்டும். எல்லோரும் கைகாட்டினால் வாழ்த்துச் சொல்கிறார்கள் என்று நினைத்துப் போய்விடுவார்கள்.

அந்தப் பாட்டியின் லயனையும் பேரன் எழுதிக்கொண்டு வந்தான். நடக்க முடியாதவர் என்ற இடத்தில் பாட்டியின் பெயரை எழுதி, பக்கத்தில் “சத்தத்துக்குப் பயம், ஒருவர் கூடப் போக வேண்டும்” என்று குறித்திருந்தான். எந்த அலுவலகப் படிவத்திலும் இப்படியொரு நிரல் இல்லை. நாங்கள் அதை அப்படியே கொப்பியில் பதிந்துகொண்டோம்.

வாசகர்களே, உங்கள் ஊரிலும் ஒரு மேல்கணக்கு இருக்கும். அது தோட்டமாக இருக்கலாம், ஆற்றுக்கு அப்பாலுள்ள நாலு வீடாக இருக்கலாம். அடுத்த மழைக்கு முன் அங்கே ஒரு தடவை போய் வாருங்கள். அங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்கள் தங்கள் இடத்தை என்ன பெயரால் அழைக்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மேலே உயிரைப் பணயம் வைத்து வருபவர்களுக்கு இறங்கும் இடத்தைச் சொல்ல வேண்டியவர்கள் கீழே இருக்கும் நாமே. பணியில் உயிர் நீத்தவர்களின் குடும்பங்களுக்கு வல்ல அல்லாஹ் பொறுமையையும் ஆறுதலையும் கொடுப்பானாக. எமக்கு விழிப்பைக் கொடுப்பானாக.